காணாக்கடி: வலி மாத்திரையும் நம்ம தோலும்

இன்னிக்கு எபிசோடை ஒரு வார்த்தையில இருந்து ஆரம்பிக்கலாம். காணாக்கடி. உங்க பாட்டிகிட்ட கேட்டா உடனே சொல்லுவாங்க. உடம்புல திடீர்னு அங்கங்க தடிச்சு, சிவந்து, ஊறல் எடுக்கும். ரெண்டு மணி நேரத்துல ஒரு இடத்துல அடங்கும், இன்னொரு இடத்துல கிளம்பும். ஆங்கில மருத்துவத்துல அர்ட்டிகேரியா. சித்த மருத்துவத்துல இன்னிக்கும் அதுக்குப் பேரு காணாக்கடிதான். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒண்ணு கடிச்சிருச்சுன்னு அர்த்தம்.

அழகான பேரு. ஆனா அந்தப் பேருக்குள்ளயே ஒரு தீர்ப்பும் இருக்கு. கடிச்சது வெளியில இருந்து வந்த ஏதோ ஒண்ணுன்னு முதல்லயே முடிவு பண்ணிடறோம். பூச்சி, பூரான், எட்டுக்கால் பூச்சி. நாமளே தண்ணி ஊத்தி முழுங்குன மாத்திரை கடிச்சிருக்கும்னு யாருக்கும் தோணாது. அதுவும் வலி மாத்திரைன்னா தோணவே தோணாது, ஏன்னா அதை நாம மருந்தாவே கணக்குல எடுத்துக்கறது இல்லை. "ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?"ன்னு டாக்டர் கேட்டா, "இல்ல சார், எதுவும் இல்ல, இடுப்பு வலிக்கு மட்டும் எப்பவாச்சும் ஒண்ணு"ன்னு சொல்றோம் பாருங்க, அந்த "எப்பவாச்சும் ஒண்ணு" பத்தித்தான் இன்னிக்குப் பேசப்போறேன்.

இந்த விஷயத்தை நான் தேட ஆரம்பிச்சது காஞ்சிபுரத்துல, பிள்ளையார்பாளையத்துல. எங்க பெரியப்பா அங்க பட்டு நெய்யறவர்.

காஞ்சிபுரம் பட்டுப்புடவையைப் பத்தி எல்லாருக்கும் தெரியும். 2005ல புவிசார் குறியீடு வாங்குன புடவை. ஆனா அது எந்த உட்கார்வுல நெய்யப்படுதுன்னு பாத்திருக்கீங்களா? குழித்தறி. தரையில ஒரு குழி, அதோட விளிம்புல உட்காரணும், கால் ரெண்டும் குழிக்குள்ள மிதிகட்டையில. முதுகு முன்னால வளைஞ்சே இருக்கும். கோர்வைப் புடவைன்னா உடம்பு ஒரு நிறம், கரை வேற நிறம். ரெண்டையும் ஒவ்வொரு இழையா பூட்டிக்கிட்டே வரணும். மூணு நாடா ஓடும். ஒரு கரை நாடாவைப் போட பக்கத்துல இன்னொரு ஆள் வேணும். பல வீட்டுல அது மனைவி. நாள் முழுக்க இப்படித்தான். மாசக் கணக்குல, வருஷக் கணக்குல.

கூலி புடவைக்குத்தான், நாளுக்கு இல்லை. இடுப்பு வலிக்குதுன்னு மூணு நாள் படுத்தா, மூணு நாள் தறி நிக்கும். முகூர்த்த சீசன்ல தறி நிக்கறதுன்னா என்னன்னு நெசவாளர் வீட்டுல இருக்கறவங்களுக்குத்தான் தெரியும். அதனால வலி மாத்திரைங்கறது அங்க கிட்டத்தட்ட தறிச் சாமான் மாதிரி. நாடா, தார், பன்னை, ஒரு செட் மாத்திரை.

"ஒரு செட்"னு சொன்னேன்ல, அது சென்னையில இருக்கற உங்களுக்கும் புதுசு இல்லை. மெடிக்கல் ஷாப்புல போய் "முதுகு வலி, ஒரு செட் குடுங்க"ன்னா, மூணு நாலு அட்டையில இருந்து ஒவ்வொரு மாத்திரையா வெட்டி, சின்னக் காகிதக் கவர்ல போட்டுக் குடுப்பாங்க. வெட்டுற வேகத்துல மாத்திரையோட பேரு ஒரு துண்டுல, தேதி இன்னொரு துண்டுல. உங்க கையில வர்றது பேர் இல்லாத மாத்திரை. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில இது முக்கியமா வரும்.

பெரியப்பாவுக்கு இடது மணிக்கட்டுக்கு மேல ஒரு ரூபாய் நாணயம் அளவுல ஒரு வட்டம். கருநீலமும் பழுப்பும் கலந்த நிறம். ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை அந்த வட்டம் மட்டும் சிவந்து, எரிஞ்சு, அரிக்கும். ஒரு வாரத்துல அடங்கும். ஆனா ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் கறுப்பாகும். அப்புறம் கீழ் உதட்டு ஓரத்துலயும் ஒண்ணு வந்துச்சு.

வீட்டுல முதல்ல சந்தேகப்பட்டது சாயத்தை. பட்டு நூலைக் காரமும் சோப்பும் போட்டு வேகவச்சு, அப்புறம் சாயம் ஏத்துற ஊரு அது. தோல்ல எது வந்தாலும் சாயம்தான் குற்றவாளி. ஆனா பெரியப்பா சாயப்பட்டறை பக்கமே போறது இல்லை, நெசவு மட்டும்தான். அடுத்து பல்லி. வரதராஜப் பெருமாள் கோயில்ல தங்கப் பல்லியும் வெள்ளிப் பல்லியும் இருக்கற ஊரு. மேல பல்லி விழுந்த தோஷம் அதைத் தொட்டா போகும்னு நம்பிக்கை. பெரியம்மா கூட்டிக்கிட்டுப் போய் தொட வச்சாங்க. எனக்கு அதுல எந்தக் கேலியும் இல்லை. காரணம் தெரியாதப்போ மனுஷங்க ஒரு காரணத்தைத் தேடத்தான் செய்வாங்க.

கடைசியா ஒரு தோல் டாக்டர் அந்த வட்டத்தைப் பாத்த உடனே ஒரே ஒரு கேள்வி கேட்டார். "வலிக்கு என்ன மாத்திரை போடுறீங்க?" பேரு தெரியலை. கவர்தான் இருந்துச்சு. வீட்டுல மிச்சம் கிடந்த துண்டு அட்டைகளை எல்லாம் பொறுக்கிக் கொண்டுபோய்க் காட்டினதுல மெஃபெனமிக் ஆசிட் சிக்குச்சு. அதை நிறுத்தினதுக்கு அப்புறம் வட்டம் சிவக்கலை. தழும்பு மட்டும் இருக்கு.

அந்த டாக்டர் சொன்ன பேரு ஃபிக்ஸட் டிரக் எரப்ஷன். ஒரே இடத்துல திரும்பத் திரும்ப வர்ற மருந்துத் தடிப்பு. இதோட வரலாறைத் தேடிப் போனா, நேரா உலகத்தோட முதல் செயற்கை வலி மாத்திரைகள்ல ஒண்ணுகிட்ட போய் நிக்குது.

ஆனா அதுக்கு முன்னாடி ஒரு நாட்டு மருந்தைப் பாத்துடுவோம். சேராங்கொட்டை. மூட்டு வலி, வாத நோய்களுக்கு சித்த மருத்துவத்துல பேர் போன மருந்து. ஆயுர்வேதத்துல பல்லாதகம். அதோட தோலுக்குள்ள இருக்கற கறுப்பு எண்ணெய் கையில பட்டா கொப்புளம் கட்டும். முந்திரியும் மாங்காயும் சேர்ந்த குடும்பத்து மரம் அது. மாங்காய்ப் பால் பட்டு உதடு புண்ணாகும்ல, அதோட பெரியண்ணன்னு வச்சுக்கோங்க. அதனாலதான் அதை அப்படியே குடுக்க மாட்டாங்க. சுத்தி செய்யணும்னு விதி, சாப்பிடறவங்களுக்குக் கடுமையான பத்தியம். "இது தோலைக் கடிக்கும்"ங்கறது மருந்து குடுக்கறவங்களுக்கும் தெரியும், வாங்கறவங்களுக்கும் தெரியும்.

இதே கொட்டைக்கு ஜவுளியோட இன்னொரு உறவு உண்டு. சலவைத் தொழிலாளிகள் எந்தத் துணி எந்த வீட்டுதுன்னு குறி போடறதுக்கு இந்தச் சாறைத்தான் சுண்ணாம்போட சேத்து மையா பயன்படுத்தினாங்க. எத்தனை தடவை வெளுத்தாலும் போகாது. இரண்டாம் உலகப் போர் சமயத்துல இந்தியாவுக்கு வந்த அமெரிக்க வீரர்களுக்குக் கழுத்துப் பட்டை படற இடத்துல, இடுப்புப் பட்டி படற இடத்துல கொப்புளமா வந்துச்சு. காரணம் துணிக்குப் போட்ட குறி. 1943ல அமெரிக்க மருத்துவ இதழ்ல இதைப் பத்தி "டோபி மார்க் டெர்மடைட்டிஸ்"னு கட்டுரையே வந்துச்சு.

அதோட, தோல் சிவக்கறது நல்லதுங்கற எண்ணமும் வலி வைத்தியத்துல ரொம்பப் பழசு. கடுகுப் பத்து போடறது, காரமான தைலம் தேய்க்கறது, இது எல்லாமே தோலை எரிய வச்சு உள்ள இருக்கற வலியை மறக்க வைக்கற முறை. ஐரோப்பாவுலயும் இதையே செஞ்சாங்க. எரிஞ்சா "மருந்து வேலை செய்யுது". இந்த நினைப்போட வளர்ந்த நமக்கு, மாத்திரை போட்டு அரிச்சா அது எச்சரிக்கையா தோணாம போறதுல ஆச்சரியம் இல்லை.

சரி, 1880கள். ஜெர்மனியில எர்லாங்கன். லுட்விக் க்னோர்னு ஒரு இளம் வேதியியலாளர். அப்போ எல்லாரும் தேடிக்கிட்டு இருந்தது கொய்னாவுக்கு ஒரு மாற்று. அந்தத் தேடல்ல 1883ல க்னோருக்குக் கிடைச்சது ஆண்டிபைரின். மலேரியாவைக் குணப்படுத்தலை, ஆனா காய்ச்சலையும் வலியையும் இறக்குச்சு. 1884ல ஹூக்ஸ்ட் கம்பெனி அதைச் சந்தைக்குக் கொண்டு வந்துச்சு. 1889-90ல உலகம் முழுக்க இன்ஃபுளூயன்சா பரவினப்போ ஆண்டிபைரின் பிச்சுக்கிட்டுப் போச்சு. ஆஸ்பிரின் வர்றதுக்கு முன்னாடி அதுதான் ராஜா.

1889லயே பிரிட்டிஷ் மருத்துவ இதழ்ல போர்ன்ஸ்ங்கற டாக்டர் ஒரு குறிப்பு எழுதினார். 20 கிரெயின், அதாவது ஒண்ணேகால் கிராமுக்குக் கொஞ்சம் மேல, ஆண்டிபைரின் சாப்பிட்ட ஒருத்தருக்கு உதட்டுலயும் நாக்குலயும் தெளிவா எல்லை போட்ட மாதிரி கறுத்த திட்டுகள். 1894ல பாரிஸ்ல லூயி ப்ரோக், பெரிய தோல் மருத்துவர், இதையே ஆராய்ஞ்சு ஒரு பேரு வச்சார். ஆண்டிபைரினால ஒரே இடத்துல வர்ற, சிவந்து அப்புறம் கறுக்கற தடிப்புன்னு. அந்த "ஒரே இடத்துல"ங்கற வார்த்தைதான் இன்னிக்கு வரைக்கும் அந்த நோயோட பேர்ல ஒட்டிக்கிட்டு இருக்கு. 130 வருஷம் முன்னாடி பாரிஸ்ல பாத்த அதே வட்டம்தான் பிள்ளையார்பாளையத்துல என் பெரியப்பா கையில.

ஏன் ஒரே இடம்? இதுக்குப் பதில் கிடைக்க நூறு வருஷம் ஆச்சு. முதல் தடவை அந்த இடத்துக்கு வந்த டி செல்கள்ல சிலது திரும்பிப் போறதே இல்லை. தோலோட மேலடுக்குலயே பாய் விரிச்சுப் படுத்திருக்கும். அதே மருந்து திரும்ப உள்ள வந்தா, சில மணி நேரத்துல எழுந்து சண்டைக்கு நிக்கும். பக்கத்துத் தோலை நுண்ணுயிர்ன்னு நினைச்சுக் கொல்லும். அப்போ சிந்துற நிறமிதான் கீழே இறங்கி கறுப்பா தங்கறது. நம்ம மாதிரி நிறமி அதிகம் இருக்கற தோல்ல அது வருஷக் கணக்குல போகாது. இந்தியாவுல இதை முறையா ஆராய்ஞ்சவங்கள்ல முக்கியமானவர் டெல்லி எய்ம்ஸ்ல இருந்த ஜே. எஸ். பஸ்ரிச்சா. எந்தெந்த மருந்துகள் இதைக் கொண்டுவருதுன்னு 1979ல பிரிட்டிஷ் தோல் மருத்துவ இதழ்ல எழுதினார்.

இப்போ காணாக்கடிக்கு வருவோம். அது வேற கதை, வேற வழி.

1897ல ஃபெலிக்ஸ் ஹாஃப்மன் பேயர் கம்பெனியில ஆஸ்பிரினைத் தயாரிச்சார், 1899ல விற்பனைக்கு வந்துச்சு. மூணே வருஷம். 1902ல ஹிர்ஷ்பெர்க்னு ஒரு ஜெர்மன் டாக்டர், ஆஸ்பிரின் சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல ஒருத்தருக்கு முகம் வீங்கி, உடம்பெல்லாம் தடிச்சதைப் பதிவு பண்ணிட்டார். ஆனா ஏன்னு விளங்க 1971 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்துச்சு. அந்த வருஷம் லண்டன்ல ஜான் வேன், ஆஸ்பிரின் வலியைக் குறைக்கறது புரோஸ்டகிளாண்டின்ங்கற பொருளோட உற்பத்தியைத் தடுத்துத்தான்னு காட்டினார். 1982ல நோபல் பரிசு. வலிக்குக் காரணமான அதே பொருள்தான், தோல்ல இருக்கற மாஸ்ட் செல்களை அடக்கியும் வச்சிருக்கு. சிலரோட உடம்புல அந்தப் பிடி விட்டுப்போனா, மாஸ்ட் செல் ஹிஸ்டமினைக் கொட்டும். தடிப்பு, ஊறல், கண் இமை வீக்கம்.

இதுல நடைமுறைக்குப் பயன்படற ஒரு வித்தியாசம் இருக்கு. பெரியப்பாவோட வட்டம் மாதிரி ஃபிக்ஸட் வகைன்னா, குற்றவாளி பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட மருந்து, இல்ல அதோட நெருங்கின சொந்தம். ஆனா இந்தக் காணாக்கடி வகை சிலருக்கு ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக்னு எல்லாத்துக்கும் வரும். ஏன்னா பிரச்சனை மருந்தோட உருவத்துல இல்லை, அது செய்யற வேலையில. "அது ஒத்துக்கலை, வேற கம்பெனி குடுங்க"ன்னு கடையில கேக்கறதுல அர்த்தமே இல்லாம போற இடம் இது.

மார்ஃபின் வகை மருந்துகளைப் பத்தி ஒரு வரி. சிசேரியனுக்கு முதுகுல போடற மருந்தோட மார்ஃபின் சேத்துக் குடுத்தா நிறைய பேருக்கு மூக்கும் முகமும் அரிக்கும். அது பெரும்பாலும் அலர்ஜி இல்லை. 2011ல வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல எலிகள்ல செஞ்ச ஆய்வு, தண்டுவடத்துல மார்ஃபின் வலியை அடக்கற பாதையும் அரிப்பைக் கிளப்புற பாதையும் வேற வேறன்னு காட்டுச்சு. எல்லா அரிப்புக்கும் அலர்ஜின்னு பேரு வச்சா, அப்புறம் நிஜமா அந்த மருந்து தேவைப்படறப்போ குடுக்க முடியாம போயிடும்.

இதுவரைக்கும் பேசினது எல்லாம் தொந்தரவு. இனிமே பேசப்போறது உயிர் விஷயம்.

1922ல அமெரிக்காவுல ஸ்டீவன்ஸ், ஜான்சன்னு ரெண்டு டாக்டர்கள் ரெண்டு சின்னப் பசங்களைப் பத்தி எழுதினாங்க. காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு, வாய் முழுக்கப் புண், கண் சிவந்து சீழ். அவங்க அதுக்கு வச்ச தலைப்பு என்ன தெரியுமா? புதுசா ஒரு "தடிப்புக் காய்ச்சல்". அதாவது அம்மை மாதிரி ஏதோ ஒரு புதுத் தொற்றுன்னு நினைச்சாங்க. ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய்க்குப் பெரும்பாலும் மருந்துகள்தான் காரணம்னு பின்னாடிதான் தெளிவாச்சு. 1956ல ஸ்காட்லாந்துல ஆலன் லயல் நாலு நோயாளிகளைப் பத்தி எழுதினப்போ, வெந்நீர் கொட்டின மாதிரி தோல் உரியுதுன்னு வர்ணிச்சார். அந்தக் கடுமையான வகையில சுமார் மூணுல ஒருத்தர் இறந்துடறாங்க.

அமெரிக்க டாக்டர்களே அம்மைன்னு நினைச்சதை நம்ம வீட்டுல அம்மைன்னு நினைச்சா யாரைக் குறை சொல்ல முடியும்? காய்ச்சலும் தடிப்பும் சேர்ந்து வந்தா வாசல்ல வேப்பிலை. பெரியம்மை இருந்த காலத்துல அது நியாயமான கணக்கு. இந்தியாவுல அதோட கடைசி நோயாளி 1975ல, ஒழிஞ்சதுன்னு அறிவிச்சது 1977ல. நோய் போயிடுச்சு, கணக்கு மட்டும் இருக்கு.

இதுல ஒரு விசித்திரம் பாருங்க. "அம்மை போட்டிருக்கு, மருந்து மாத்திரை எதுவும் குடுக்கக் கூடாது"ங்கறது பழைய வழக்கம். வந்தது மருந்துத் தடிப்பா இருந்தா, அந்த வழக்கம் தன்னை அறியாமலேயே முதல் சிகிச்சையைச் சரியா செஞ்சிடுது, மருந்தை நிறுத்திடுது. தப்பு அடுத்த படியில, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போகாம இருக்கறதுல. இன்னிக்கு நம்ம வீடுகள்ல அதுவும் மாறிப்போச்சு. வாசல்ல வேப்பிலையும் கட்டறோம், உள்ள காய்ச்சலுக்கு அதே வலி மாத்திரையையும் குடுக்கறோம். ரெண்டு காலத்தோட தப்பும் ஒரே வீட்டுல.

மறுபக்கமும் சொல்லணும். வைரஸ் காய்ச்சலுக்கே தடிப்பு வரும். அந்தக் காய்ச்சலுக்குப் போட்ட மாத்திரை மேல வீணா பழி விழறதும் உண்டு. அதனால முடிவை டாக்டர்தான் எடுக்கணும். ஆனா காத்திருக்கக் கூடாத அறிகுறிகள் இருக்கு. வாய், கண், பிறப்புறுப்புல புண், தோல் தொட்டாலே வலிக்கறது, கொப்புளம் கட்டறது, முகம் வீங்கறது, மூச்சு முட்டறது. இதுல எது வந்தாலும் நேரா அவசரப் பிரிவுக்குப் போங்க, போடற எல்லா மாத்திரையோட அட்டையையும் கையில எடுத்துக்கிட்டு.

தோலுக்காகவே சந்தையை விட்டுப் போன வலி மாத்திரையும் உண்டு. வால்டிகாக்ஸிப். 2001ல அமெரிக்காவுல அனுமதி, 2005 ஏப்ரல்ல திரும்ப வாங்கிட்டாங்க. இதயப் பிரச்சனையோட கடுமையான தோல் எதிர்விளைவுகளும் காரணம். அதே வருஷம் ஜூலையில இந்தியாவும் தடை பண்ணுச்சு. சாதுன்னு பேர் வாங்கின பாராசிட்டமாலுக்கே, மிக அரிதா கடுமையான தோல் எதிர்விளைவு வரலாம்னு 2013 ஆகஸ்ட்ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிச்சது.

அப்புறம் 2023 நவம்பர் 30. இது உங்கள்ல பலருக்கு ஞாபகம் இருக்கும், வாட்ஸப்புல சுத்துச்சு. இந்திய மருந்தியல் ஆணையம் மெஃபெனமிக் ஆசிட் பத்தி ஒரு எச்சரிக்கை விட்டுச்சு. மாதவிடாய் வலிக்கு நம்ம ஊர்ல கோடிக்கணக்குல விக்கற அதே மருந்து. டிரெஸ்னு சுருக்கமா சொல்ற ஒரு எதிர்விளைவு அதனால வரலாம்னு. மாத்திரை ஆரம்பிச்சு ரெண்டுல இருந்து எட்டு வாரத்துக்குள்ள காய்ச்சல், தடிப்பு, நெறிகட்டறது, முகம் வீங்கறது. ஈரல், சிறுநீரகம் வரைக்கும் பாதிக்கும். அந்த வாரம் நியூஸ் சேனல்கள் கத்தினதைக் கேட்டு மருந்தையே தடை பண்ணிட்டாங்கன்னு நினைச்சவங்க நிறைய. தடை இல்லை. டாக்டர்களும் நோயாளிகளும் கவனமா இருங்க, வந்தா தெரிவியுங்கன்னு சொன்ன அறிவிப்பு அது. என் கணக்குல அந்தக் கூச்சலைவிட முக்கியமான விஷயம், இந்த எச்சரிக்கை இந்தியாவுலயே திரட்டின தகவல்ல இருந்து வந்ததுங்கறது.

அந்தத் தகவலைத் திரட்டற அமைப்புதான் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம். 2010 ஜூலையில டெல்லி எய்ம்ஸ்ல ஆரம்பிச்சு, 2011ல காசியாபாத்ல இருக்கற மருந்தியல் ஆணையத்துக்கு மாறுச்சு. டாக்டர் மட்டும் இல்லை, நோயாளியும் நேரா புகார் குடுக்கலாம். இலவச எண் 1800-180-3024. எந்த மருந்து, எப்போ ஆரம்பிச்சீங்க, எப்போ நிறுத்தினீங்க, என்ன வந்துச்சுன்னு கேப்பாங்க.

அங்கதான் அந்த வெட்டின அட்டை திரும்ப வருது. மெஃபெனமிக் ஆசிட், டைக்ளோஃபெனாக், நிமெசுலைட் எல்லாம் மருந்துச் சட்டத்தோட எச் அட்டவணையில இருக்கற மருந்துகள். சீட்டு இல்லாம விக்கவே கூடாது. நிஜத்துல கவர்ல வருது. பேர் தெரியாத மாத்திரை யாரைக் கடிச்சாலும் அது எந்தக் கணக்குலயும் ஏறாது. காஞ்சிபுரத்துல எத்தனை நெசவாளர் கையில அந்தக் கறுப்பு வட்டம் இருக்குன்னு யாரும் எண்ணிப் பாக்க முடியாததுக்குக் காரணம் இதுதான். அதனால அடுத்த தடவை கடையில வலிக்கு மாத்திரை வெட்டுறப்போ, பேரு இருக்கற பக்கத்தை வெட்டாம குடுக்கச் சொல்லுங்க, இல்ல முழு அட்டையை போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.